ஏரி வாரியமும் பராமரிப்பு ஒழுங்கும்

பழுது நேரும் முன்னரே பராமரிக்கும் காலமுறைத் திட்டம் தொழிற்சாலை யுகத்தின் விளைவெனக் கருதப்படுவதுண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இக்கருத்தை மறுஆய்வு செய்யத் தூண்டுகின்றன. குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாகவே இவை பெரிதும் கற்பிக்கப்படுகின்றன. அத்தேர்தல் எப்பணிகளுக்காக என்னும் வினா அரிதாகவே எழுகிறது.

ஏரி ஒருமுறை வெட்டியதோடு முடியும் பணியன்று. ஆண்டுதோறும் வண்டல் படியும், கரை அரிபடும், மதகு பழுதுறும். 921ஆம் ஆண்டின் விதிகளின்படி ஏரி வாரியத்துக்கு அறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்தம் பதவிக்காலம் 360 நாள். எனவே ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் அவ்வறுவர் பொறுப்பிலேயே அமைந்தன எனலாம். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்தோர் மீண்டும் போட்டியிட இயலாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பராமரிப்பு இங்குக் கைத்திறனாக மட்டுமன்றிக் கணக்கொப்புவிக்கும் கடமையாகவும் வகுக்கப்பட்டது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. இச்சபை நிலமுடைய பிராமணர்க்கே உரியது. மேற்பார்வையாளரின் தகுதிகளை விரிவாகக் கூறும் இவ்விதிகள், ஏரியில் இறங்கி மண் சுமந்தோரைப் பற்றி ஏதும் கூறவில்லை. மாணவர்க்கு இக்கல்வெட்டைக் கற்பிக்கையில் அம்மௌனத்தையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.