தாத்தாவோட பாக்கெட் வாட்ச் விலை போகுமா? எடைக்குப் போடும் முன் பார்க்க வேண்டியவை

2009 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில் காந்தியின் ஜெனித் பாக்கெட் வாட்ச், மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு எல்லாம் சேர்த்து 18 லட்சம் டாலருக்குப் போயின. எடுத்தவர் விஜய் மல்லையா. அதே கம்பெனியின் அதே காலத்து வாட்ச் வேறு ஒருவரிடம் இருந்திருந்தால், அந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வந்திருக்காது.

ஆக, "பழசு, அதனால விலை அதிகம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. உள்ளே என்ன இயந்திரம், பாகங்கள் அசலா, யாருடையது என்பதற்கு ஆதாரம் உண்டா? விலை பெரும்பாலும் இந்த மூன்றைப் பொறுத்தது. வீட்டு பீரோவில் ஒன்று கிடந்தால், வெள்ளி எடைக்குக் கொடுக்கும் முன் இதையெல்லாம் பார்த்துடுங்க.

டயலில் இருக்கும் பெயரை நம்பலாமா?

முழுசா நம்ப முடியாது. பல நேரம் அது விற்ற கடையின் பெயர். இந்திய வீடுகளில் கிடைக்கும் 'வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி' வாட்சுகளின் டயலில் பம்பாய், கல்கத்தா என்று இருக்கும். அது விற்பனை நடந்த ஊர். வாட்ச் செய்யப்பட்டது சுவிட்சர்லாந்தில்.

சரியான அடையாளம் பின்மூடிக்கு உள்ளே இருக்கிறது. சில மூடிகள் திருகித் திறப்பவை, சில நெம்பித் திறப்பவை. கத்தியை வைக்காமல் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் திறக்கச் சொல்லுங்கள். வால்தம், எல்ஜின் போன்ற அமெரிக்க வாட்சுகளில் இயந்திரத்தின் மேல் பொறித்த வரிசை எண்ணை வைத்து, எந்த ஆண்டு செய்தது என்று இணையத்தில் இலவசமாகவே தேடலாம். மூடியில் இருப்பது வேறு எண். அதைப் போட்டுத் தேடினால் தப்பான ஆண்டு வரும்.

தனிச் சாவி போட்டு முறுக்கும் வாட்ச் என்றால், அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

வெள்ளியா, தங்கமா?

இங்கிலாந்து முத்திரையில் நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் சோதித்தது. பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். சுவிஸ் வாட்சில் 0.800 அல்லது 0.935 என்ற எண் வெள்ளியின் அளவைக் காட்டும்.

ரெண்டு இடத்தில் ஏமாறலாம். 'ஜெர்மன் சில்வர்' என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை; அதில் வெள்ளியே கிடையாது. மூடிக்குள் '20 வருஷ கியாரண்டி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அது மலிவான உலோகத்தின் மேல் தங்கத் தகடு ஒட்டிய கேஸ். தகடு தேயாது என்பதற்குத்தான் அந்த உத்தரவாதம்.

விலையைக் கூட்டுவது எது, குறைப்பது எது?

'17 ஜுவல்ஸ்' என்றால், தேய்மானத்தைக் குறைக்க உள்ளே பொருத்திய 17 கற்கள். கல்லுக்கென்று தனி விலை கிடையாது. ஆனால் 7 கல் சாதாரண ரகம், 15–17 நல்ல ரகம், 21 உயர்ரகம் என்று பொதுவாகத் தரம் பிரிக்கலாம். தொழிலாளர்களும் வாங்கட்டும் என்று 1867இல் வந்த ராஸ்காப் வகை வாட்சுகள் ஏராளமாகச் செய்யப்பட்டவை. அதனால் எவ்வளவு பழசானாலும் பொதுவாக விலை குறைவுதான்.

பீங்கான் டயலில் விரிசல், மாற்றிய முள், வேறொரு வாட்சின் கேஸ் எல்லாமே விலையைக் குறைக்கும். பழைய ரசீது, பெட்டி, தாத்தா அதை அணிந்திருக்கும் போட்டோ இருந்தால் வாட்சோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

எவ்வளவு கேட்கலாம்?

இணையத்தில் விற்பவர் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள். அதே இயந்திரம், அதே நிலையில் உள்ள வாட்ச் உண்மையில் எவ்வளவுக்கு விற்று முடிந்தது என்று பாருங்கள். வியாபாரி தன் லாபத்தைக் கழித்துத்தான் விலை சொல்வார். சர்வீஸ் செலவு வாட்சின் விலையையே தாண்டினால், ஓடாத நிலையிலேயே விற்பது லாபம்.

செய்யக்கூடாதவை

பாலிஷ் போடாதீங்க; முத்திரையும் வேலைப்பாடும் தேய்ந்துவிடும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதையும் விடாதீங்க. "அதிகமா சாவி கொடுத்ததால நின்னுபோச்சு" என்பார்கள். உள்ளே எண்ணெய் காய்ந்து இறுகியதுதான் பெரும்பாலும் காரணம். இருட்டில் ஒளிரும்படி எண்களுக்குப் பூச்சு பூசிய பழைய டயலைச் சுரண்டவே கூடாது. அதில் ரேடியம் இருக்கலாம். பூச்சு மங்கினாலும் கதிர்வீச்சு போகாது.

வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பலாமா?

இங்கேதான் கவனம் தேவை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்யக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கலை, கைவினை, அறிவியல் சார்ந்த பழம்பொருள்களும் இந்த வரையறையில் அடங்கும் என்பதால் பாக்கெட் வாட்சும் அதில் சிக்கலாம். கூரியரில் போடும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் உள்நாட்டிலேயே வாங்குபவரைத் தேடுவதுதான் வழி.