குதிரையின் குருதியில் விளைந்த மருந்து

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட நிலத்தில் வெதுருகுப்பம் என்றோர் ஊர் உண்டு. வெதுரு என்பது தெலுங்கில் மூங்கில். குப்பமோ நமக்கும் உரிய சொல். அம்மாவட்டம் 1953 வரை சென்னை மாநிலத்தைச் சார்ந்திருந்தது. நெல்லும் நிலக்கடலையும் விளையும் அத்தகைய ஊர்களில், இரவில் நீர் பாய்ச்சச் செல்லும் உழவனுக்குப் பாம்பே பேரச்சம். மந்திரமும் பச்சிலையுமன்றி வேறு துணையற்றிருந்த காலம் மிக நீண்டது.

1894-இல் பிரான்சு நாட்டில் பிசாலிக்ஸ், பெர்த்ரான் இருவரும், கால்மெத் என்பவர் தனித்தும் ஓர் உண்மையைக் கண்டனர். நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்திப் பழக்கிய விலங்கின் குருதியில், அந்நஞ்சை முறிக்கும் ஆற்றல் பிறக்கின்றது. இன்றும் முறை அதுவே. குதிரைக்கு நஞ்சூட்டி, பின் அதன் குருதியைச் சிறிது எடுத்துத் தெளிவித்து மருந்தாக்குகின்றனர். நம் நாட்டு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்க வல்லது.

ஆனால் அந்த நஞ்சைத் தருவோர் யார்? இங்கேதான் நம் இருளர் வருகின்றனர். மண்ணில் பதிந்த தடம் கண்டே இன்ன பாம்பு, இன்ன வளை என்று உரைப்போர் அவர்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பைக் கொன்று பிழைத்தனர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்பின் வந்த ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை முடித்தன. சட்டம் நன்றே, பசி என்செய்யும்? ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் பாம்புகளை மண்பானைகளில் சில வாரம் வைத்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். கொன்று வாழ்ந்த கைகளே இன்று கொல்லாது வாழ்கின்றன. வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இரு இருளர்க்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தமை நமக்கும் பெருமையே.

எனினும் குறை உளது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. மருத்துவமனையை எட்டுமுன் மாண்டவர் பலர். கட்டுவிரியன் கடியில் வலியும் வீக்கமும் பெரிதாகத் தோன்றா. உறங்குவோர் கடிபட்டதை உணராமலே இருப்பதும் உண்டு.

மற்றொன்று, வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் அறியத்தக்கது. நாட்டின் மருந்துச் சாலைகள் பெறும் நஞ்சில் பெரும்பகுதி தமிழகத்துப் பாம்புகளுடையது. ஒரே இனப் பாம்பாயினும் நஞ்சு வட்டாரந்தோறும் வேறுபடுவதால், தொலைவிடங்களில் இம்மருந்து சிற்சில வேளைகளில் முழுப்பயன் தருவதில்லை. அவ்வவ்விடத்து நஞ்சையும் திரட்டவேண்டும் என்பது ஆய்வாளர் கோரிக்கை.