தேர்ந்தெடுக்கப்பட்ட பல்லவன்: ஒரு சுவரும் சில செப்பேடுகளும்

காஞ்சிபுரம் வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில், சிங்கத் தூண்களுக்குப் பின்னாலுள்ள சுவரைக் காட்டி, 'எட்டாம் நூற்றாண்டிலேயே மக்கள் கூடித் தங்கள் அரசனைத் தேர்ந்தெடுத்த ஊர் இது' என்று சொல்லாத உள்ளூர்க்காரர் குறைவு. நானும் சொல்லியிருக்கிறேன். எம்.ஏ. முடித்த புதிதில் ஒரு கூட்டத்தில், மேக்னா கார்ட்டாவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே என்று குரலை உயர்த்திப் பேசிக் கைத்தட்டல் வாங்கியவன்தான். வெளியே வந்தபோது, பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் சித்தப்பா, 'அந்த மக்கள்ல நம்மாளுங்க இருந்தாங்களாடா?' என்று கேட்டார். 'இருந்திருப்பாங்க சித்தப்பா' என்று சொல்லிவைத்தேன். பொய். எனக்குத் தெரியாது. மறுபடி போய்ப் படித்ததில்தான் இந்தக் கட்டுரை கிளம்பிற்று.

சுவரில் இருப்பது இது. இரண்டாம் பரமேசுவரவர்மன் சொர்க்கம் போய்விட்டான். அரியணை காலி. மாமாத்திரர்களும் கடிகையாரும் மூலப்பிரகிருதிகளும் கிளம்பி, பல்லவக் கிளைக்குடி ஒன்றைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய், நாட்டை ஆள ஆள் கேட்கிறார்கள். அவனுக்கு நான்கு பிள்ளைகள். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் மூவரும் மறுத்துவிடுகிறார்கள். கடைசிப் பையன் பல்லவமல்லன், வயது பன்னிரண்டு, 'நான் போகிறேன்' என்கிறான். அப்பன் தயங்கி, பிறகு அனுப்புகிறான். மலையும் ஆறும் காடும் கடந்து வருபவனைப் பல்லவடி அரையர் படையோடு எதிர்கொண்டு யானைமேல் ஏற்றிக் காஞ்சிக்குள் அழைத்துவர, நந்திவர்மன் என்று பெயர் சூட்டி முடிவைக்கிறார்கள். இவ்வளவும் சிற்பமாகவும், சிற்பத்துக்குக் கீழே பல்லவர் கால எழுத்தில் விளக்க வரிகளாகவும் இருக்கின்றன. தொடக்கத்திலுள்ள சிற்பங்களுக்குத்தான் வரிகள். அப்புறம் வரிசை வரிசையாகப் போரும் சபையும் நீள்கின்றன, பெயரில்லாமல்.

இந்தச் சுவரை முழுதாக வாசித்துத் தந்தவர் சி. மீனாட்சி. மணற்கல் உதிர்ந்து, மேலே சுதை பூசப்பட்டிருந்த உருவங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு அவர் எழுதிய நூலைத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டது. அவர் 1940இலேயே இறந்துவிட்டார். இன்று இந்தக் கோயிலைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் (பையன் கம்போடியாவிலிருந்து கப்பலேறி வந்தான் என்று அடித்துச் சொல்கிறவர்கள் உட்பட) அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம். பெயரைச் சொல்கிறவர்கள் குறைவு.

சரி, பரமேசுவரவர்மன் எப்படிச் செத்தான்? சுவர் அதைப் பேசுவதில்லை. சொர்க்கம் போனான், அவ்வளவுதான். பதிலை எதிரியின் கல்லில் தேட வேண்டியிருக்கிறது. சாளுக்கிய விசயாதித்தனின் முப்பத்தைந்தாம் ஆட்சியாண்டு, அதாவது 730-31. அவ்வாண்டின் உள்சாலாக் கல்வெட்டு, இளவரசன் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று பரமேசுவரனிடம் திறை வாங்கித் திரும்பியதைச் சொல்கிறது. கங்கர் செப்பேடுகளோ, தங்கள் அரசன் ஸ்ரீபுருசன் விளந்தையில் காடுவெட்டியான பல்லவனைக் கொன்று அவன் வெண்கொற்றக் குடையையும் பெருமானடி என்ற பட்டத்தையும் பறித்துக்கொண்டதைப் பெருமையாகப் பதிவு செய்கின்றன. இந்தப் பல்லவன் பரமேசுவரன்தான் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. ஆக, அரியணை தானாகக் காலியாகவில்லை. கர்நாடகத்திலிருந்து வந்த படை காலி செய்தது. மாமாத்திரரும் கடிகையாரும் இரணியவர்மன் வீட்டு வாசலுக்குப் போனது, தலைநகரத்தின்மேல் எதிரியின் நிழல் விழுந்திருந்த நேரத்தில். இந்தச் சூழலைக் கழித்துவிட்டு 'தேர்தல்' என்று மட்டும் வாசிப்பது, சுவர் நம்மை எப்படி வாசிக்கச் சொல்கிறதோ அப்படியே வாசிப்பதுதான்.

இன்னொன்று. எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்திருந்தால் சண்டை ஏன் வந்தது? நந்திவர்மனின் இருபத்தொன்றாம் ஆண்டு உதயேந்திரம் செப்பேடு வேறு கதை சொல்கிறது. தமிழ் அரசர்கள் சேர்ந்து பல்லவமல்லனை நந்திபுரத்தில் முற்றுகையிட்டிருந்தார்கள். வேகவதிக் கரையிலிருந்த வில்வலபுரத்துத் தலைவனும், பரம்பரையாகப் பல்லவருக்குப் படைத்தொழில் செய்த குடியைச் சேர்ந்தவனுமான உதயசந்திரன் அந்த முற்றுகையை உடைத்து, சித்திரமாயன் முதலானவர்களைக் கொன்றான். சித்திரமாயனை அந்தச் செப்பேடே 'பல்லவராசன்' என்றுதான் குறிக்கிறது! கொல்லப்பட்டவனும் பல்லவ அரசன். அவனுக்கும் உரிமை இருந்தது, அவனுக்கும் ஆள் இருந்தது. நிம்பவனம், சூதவனம், சங்கரகிராமம், நெல்லூர், நெல்வேலி, சூரவழுந்தூர் என்று போர்க்களங்கள் நீண்டு, உதயசந்திரன் பல முறை அரசை மீட்டுத் தந்ததாகச் செப்பேடு சொல்கிறது. பாண்டியர் தரப்பின் வேள்விக்குடிச் செப்பேடு, இராசசிம்மன் பல்லவமல்லனைப் புறங்கண்டதாகச் சொல்கிறது. ஒவ்வொருவர் செப்பேட்டிலும் அவரவரே வென்றவர். சித்திரமாயனுக்குத்தான் செப்பேடு இல்லை. அவன் பெயர் நமக்குத் தெரிவதே அவனைக் கொன்றவனைப் புகழ வேண்டியிருந்ததால்.

இப்படி வாளால் தீர்த்துவிட்டுச் சம்மதமாக எழுதிக்கொள்வது பல்லவருக்கு மட்டும் உரிய தந்திரமில்லை. இங்கிலாந்தில் எட்வர்டு 1066 சனவரி 5இல் பிள்ளையில்லாமல் செத்தான். மறுநாளே ஹெரால்டு முடிசூடினான். நார்மண்டிப் பிரபு வில்லியம், எட்வர்டு தனக்கே வாக்குக் கொடுத்திருந்தான் என்று சொல்லிக் கடல் தாண்டிவந்து, அக்டோபர் 14இல் ஹேஸ்டிங்ஸ் களத்தில் ஹெரால்டை முடித்தான். இடையில் லண்டனில் கூடிய பெரியவர்கள் பழைய அரசகுலத்துப் பையன் எட்கரைத் தேர்ந்தெடுத்தார்கள். நார்மன் படை நெருங்கியதும் அதே பெரியவர்கள் பணிந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டு. சம்மதமா என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கேட்டார்கள். உள்ளே எழுந்த ஆமோதிப்புக் கூச்சலைக் கலகம் என்று நினைத்து, வெளியே காவல் நின்ற நார்மன் வீரர்கள் பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள். மக்கள் சம்மதம் என்பதற்கு இதைவிட நல்ல சித்திரம் எனக்குக் கிடைக்கவில்லை.

வில்லியம் தரப்புக் கதையும் நம் சுவரைப் போலவே படமும் படத்தோடு சிறு வரிகளுமாக இருக்கிறது: பேயூ திரைச்சீலை, ஏறத்தாழ எழுபது மீட்டர் நீளம். அச்சுப்படத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். 'இது நெசவே இல்லடா, துணி மேல ஊசி வேலை' என்றார் உடனே. சரிதான், லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட பூவேலை. ஹெரால்டு வில்லியமுக்குச் சத்தியம் செய்வதை அது பெரிதாகக் காட்டுகிறது. கடைசித் துண்டு காணாமல் போய்விட்டதால், இன்று அது தோற்றவர்கள் ஓடுவதோடு நிற்கிறது.

காஞ்சிக்குத் திரும்புவோம். விக்கிரமாதித்தன் அரசனான பிறகு மறுபடி வந்து ஊரைப் பிடித்தான். அவன் மூன்று முறை காஞ்சியை வென்றதைப் பட்டதக்கல் கல்வெட்டு கொண்டாடுகிறது. கைலாசநாதர் கோயில் தூண் ஒன்றில் அவன் வெட்டிவைத்த கன்னடக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. இராசசிம்மேச்சுரத்தின் செல்வத்தைக் கண்டு, எடுத்துக்கொள்ளாமல் தேவருக்கே திருப்பித் தந்தானாம். நாம் இதை அவனுடைய பெருந்தன்மை என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். என் கண் போனது கடைசி வரிக்கு. இந்த எழுத்தை அழிக்கிறவன், இந்த ஊர்க் கடிகையின் மகாசனங்களைக் கொன்றவன் போகிற உலகத்துக்குப் போவான் என்று சாபம். ஊரைப் பிடித்தவனுக்கும், அதைவிடப் பெரிய பாவம் சொல்லத் தோன்றவில்லை. பல்லவமல்லனுக்கு முடிவைத்தவர்கள் கடிகையார். பல்லவமல்லனைத் துரத்தியவன் கும்பிடுவதும் கடிகையாரை. அரசன் மாறினான், படை மாறியது, கடிகை மாறவில்லை. இரண்டு தரப்புக்கும் ஒரே இடத்தின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்கிறது என்றால், சுவரிலுள்ள 'தேர்தலில்' வாக்கு யாருடையது என்பதை அதிகம் தேட வேண்டியதில்லை.

மூலப்பிரகிருதி என்ற சொல்லைக் 'குடிமக்கள்' என்று பெயர்த்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. காலனி ஆட்சியின்கீழ் எழுதியவர்களுக்கு அப்படி ஒரு சொல் தேவைப்பட்டது. நமக்கு ஏன் இன்னும் தேவைப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

குடிகள் தேர்ந்த அரசன் என்று நந்திவர்மனைச் சொல்வது சுவர் மட்டுமில்லை. காரைக்கால் பக்கம் கசாக்குடியில் கிடைத்த, அவனுடைய இருபத்திரண்டாம் ஆண்டுச் செப்பேட்டின் வடமொழிப் பகுதியும் அப்படித்தான் சொல்கிறது. சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனிலிருந்து இரணியன் வரை வம்ச வரிசை கொடுத்து, கிளைக்குடியைப் பழைய மரத்தோடு ஒட்டுகிறது. பிறகு தமிழ்ப் பகுதி வருகிறது, சங்கதி அங்கேதான். ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்ற ஊரை, ஏகதீரமங்கலம் என்று பெயர் மாற்றி, ஒரு சோமயாசிக்குப் பிரமதேயமாகக் கொடுக்கிறான் அரசன். கேட்டுக்கொண்டவன் அமைச்சன். அரசன் வாங்காமல் விட்டுக்கொடுக்கும் வரிகளின் பட்டியல் நீளமானது. செக்கு இருக்கிறது, குயவன் கொடுக்கும் காசு இருக்கிறது, கள்ளிறக்குகிறவன் இருக்கிறான். தறியும் இருக்கிறது.

சித்தப்பாவிடம் போய், கேட்டீங்களே, நம்மாளுங்க இருக்காங்க என்று சொன்னேன். எங்கே என்றார். அரசனைக் குடிகள் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்கிற அதே செப்பேட்டில், கொஞ்சம் தள்ளி, செக்குக்குப் பக்கத்தில் என்றேன். அவர் ஊடையை ஓட்டிக்கொண்டே, 'யாருக்குக் கட்டணுமாம்?' என்றார்.