ஃப்ரீமேசன் மரபில் தூண்களின் குறியீட்டுப் பொருள்

ஃப்ரீமேசன் லாட்ஜுகளில் தூண்கள் மூன்று வகையாக இடம்பெறுகின்றன: எருசலேமில் சாலமோன் கட்டிய ஆலயத்தின் முகப்பில் நின்ற யாகீன், போவாஸ் என்னும் இரட்டைத் தூண்கள்; ஞானம், வலிமை, அழகு ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று தூண்கள்; லாட்ஜ் தலைவருக்கு அடுத்த பொறுப்பாளர்களான இரு வார்டன்களின் மேசைமீது இருக்கும் சிறு தூண்கள். இவையெல்லாம் சாலமோன் காலம் தொட்டு மாறாமல் காக்கப்பட்டுவரும் ஒரே இரகசியத்தின் அடையாளங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. வெவ்வேறு காலத்துக் கதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தே இந்தக் குறியீடு உருவாகியிருக்கிறது.

இங்கிலாந்துக் கட்டடத் தொழிலாளரின் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்றான, 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த குக் கையெழுத்துப் பிரதி, பெருவெள்ளத்துக்கு முந்தைய இரண்டு தூண்களின் கதையைச் சொல்கிறது. உலகம் தீயாலோ நீராலோ அழியும் என அஞ்சிய, விவிலியத்தில் வரும் லாமேக்கின் பிள்ளைகள், எரியாத பளிங்குத் தூணிலும் மூழ்காத செங்கல் தூணிலும் தாங்கள் கண்ட கலைகளைப் பொறித்துவைத்தார்கள் என்பது அக்கதை. அங்கே தூண் என்பது அறிவைக் காக்கும் பெட்டகம். ஆலயத் தூண்களின் கதை வேறு. தீருவைச் சேர்ந்த ஈராம் அவற்றை வெண்கலத்தில் வார்த்தார். ஒவ்வொன்றும் 18 முழ உயரம். உச்சியில் 5 முழக் கும்பமும் மாதுளைகளும் லீலிமலர் வேலைப்பாடும் இருந்தன. அவை உள்ளே கூடானவை என்று எரேமியா நூல் சொல்கிறது. கூட்டுக்குள் எதையும் வைத்ததாகச் சொல்லவில்லை. ஆங்கில லாட்ஜுகளின் விளக்கமோ, கொத்தர் மரபின் ஏடுகள் அதற்குள் காக்கப்பட்டன என்கிறது. பழைய பெட்டகக் கதை ஆலயத் தூணுக்குள் குடிபுகுந்த தடம் இதுவே எனலாம். உச்சியில் வைக்கப்படும் வான உருண்டையும் பூமி உருண்டையும் விவிலியத்தில் இல்லாத பிற்சேர்க்கைகளே.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பேராலயத்தில் யாகீன், போவாஸ் பெயர் பொறித்த இடைக்காலத் தூண்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அக்காலச் சிற்பிகளுக்கு விவிலியம் தெரிந்திருந்தது என்பதை அவை காட்டுகின்றன. லாட்ஜ் சடங்கு இருந்தது என்பதற்கு அவை சான்றாகா. எடின்பரோவில் கிடைத்த 1696ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதியே மேசன்களின் அடையாளச் சொற்களை 1 இராஜாக்கள் 7:21உடன் தெளிவாக இணைக்கிறது. அதன் பிறகும் எதுவும் உறைந்துவிடவில்லை. உறுப்பினர் ஏறும் முதல் இரண்டு படிகளுக்குரிய தூண்பெயர்களை லண்டன் கிராண்ட் லாட்ஜ் 1730களில் இடம்மாற்றியது. அதை எதிர்த்த போட்டிக் கிராண்ட் லாட்ஜுடன் 1813இல் இணைவதற்கு முன் பழைய வரிசைக்கே திரும்பியது.

அப்படியானால் இது வெறும் புனைவுதானே என்பது அடுத்த மறுப்பு. குறியீட்டின் மதிப்பை அதன் வயதைக் கொண்டு அளப்பதால் வரும் பிழை இது. திட்டமிட ஞானம், தாங்க வலிமை, அலங்கரிக்க அழகு என்ற மூன்றும் அயோனிக், டோரிக், கொரிந்தியத் தூண்களாக லாட்ஜ் தலைவருக்கும் இரு வார்டன்களுக்கும் உரியவை. கிரேக்கக் கட்டடக்கலையின் தூண் வகைகள் எபிரேய ஆலயக் கதையோடு இங்கே தயக்கமின்றிச் சேர்ந்திருக்கின்றன. லாட்ஜ் வேலையில் இருக்கும்போது மூத்த வார்டனின் சிறு தூண் நிமிர்ந்தும் இளைய வார்டனுடையது கிடந்தும் இருக்கும்; ஓய்வுக்கு அழைத்தால் நிலை மாறும். அவையில் இப்போது பொறுப்பு யாரிடம் என்பதை அந்தச் சிறு மரத்துண்டு எல்லோருக்கும் காட்டிவிடுகிறது. போவாஸ் குறிக்கும் வலிமையும் யாகீன் குறிக்கும் நிலைநிறுத்தலும் சேர்ந்தால்தான் உறுதி என்று புதியவருக்குக் கற்பிக்கப்படுகிறது. கூரை எதையும் தாங்காத இத்தூண்கள் தாங்குவது ஓர் ஒழுக்கப் பாடத்தை. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாக விளக்கிவந்ததால்தான் அது இன்றும் வழக்கில் இருக்கிறது.