காட்டைக் காப்பவர் யார்? சரணாலய வரலாற்றில் ஒரு விடுபடல்

விருதுநகர் மாவட்டத்தின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் சமவெளியின் வரலாறுதான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை எங்க ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மேற்கே தெரிகிற மலைக்கு என்ன வரலாறு என்று கேட்டால், ‘அது ஃபாரஸ்ட்காரங்க இடமாச்சே’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்தப் பதிலையே கேள்விக்குட்படுத்தலாம் என்று நினைக்கிறேன்.

காடு ஃபாரஸ்ட்காரங்க இடமானது தானாக நடந்ததல்ல. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் ‘ரிசர்வ் காடு’ என்றொரு வகையை உண்டாக்கியது. மரம் வெட்டுவதும் ஆடுமாடு மேய்ப்பதும் அனுமதி கேட்டுச் செய்யவேண்டியவை ஆயின. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சாம்பல்நிற மலை அணிலுக்கான சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து, 1,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் புலிகள் காப்பகம் ஆயிற்று. முதலில் மரம், பிறகு அணில், பிறகு புலி. காக்கப்படும் பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே இருப்பவரை ‘அத்துமீறுபவர்’ ஆக்கும் எல்லைக்கோடு மட்டும் மாறவில்லை.

செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறையிலும் அய்யனார் கோவில் பக்கமும் வாழும் பளியர்கள் இந்தக் கோட்டின் இரண்டு புறமும் நிற்கிறார்கள். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள். 1960களில் பளியர்களிடையே ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், சண்டை வந்தால் எதிர்த்து நிற்காமல் விலகிப்போவது இவர்களின் பண்பு என்று பதிவு செய்தார். அப்படி விலகிப்போகும் மக்களிலிருந்துதான் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் எடுக்கப்படுகிறார்கள். அடுத்தவனை மறித்து நிறுத்துவது இப்போது அவர்கள் வேலை!

வேலை என்று பார்த்தால், ரோந்து நடப்பது, கண்ணிகளை அகற்றுவது, கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, பச்சைக் கிளையால் தீயை அடித்து அணைப்பது, தோப்புக்குள் இறங்கிய யானையைத் திருப்பிவிடுவது. கணக்கெடுப்புக்கு வருகிற அதிகாரிக்கும் ஆய்வாளருக்கும் ராஜபாளையத்துத் தன்னார்வலர்களுக்கும் தடம் காட்டுவதும் இவர்கள்தான். வருகிறவர்களின் அக்கறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தடம் பார்த்த கண்ணுக்குச் சொந்தக்காரன் அறிக்கையில் ‘தரவு’ ஆகிவிடுகிறானே, அதைக் கவனிக்க வேண்டாமா?

இங்கே ஒரு முரண். பளியர் தன் வழக்கப்படி தேன் எடுக்கப் போனால் குற்றவாளி. அதே தடத்தில் கூலிக்கு நடந்தால் காவலர். அறிவு ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். உரிமையாக இருந்தது ஊழியமாக மாறும்போதுதான் அரசு அதை ஏற்றுக்கொள்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவர்களுக்கு இழைக்கப்பட்டதை ‘வரலாற்று அநீதி’ என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டது. சிறுவனப் பொருள்கள் மீது உரிமையும் தந்தது. புலிகளுக்காக இடம்பெயர்ப்பதென்றால் இவர்களின் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். அந்தச் சம்மதத்தைக் கேட்பதும் காவலருக்குக் கூலி கொடுப்பதும் ஒரே துறை என்றால், ‘முடியாது’ என்று சொல்லும் வலு யாருக்கு இருக்கும்?

ஆகவே இந்தச் சரணாலயத்தின் வரலாற்றை எழுத நினைப்பவர்கள் அரசாணைகளைப் படித்தால் மட்டும் போதாது. கூலிப் பட்டியலையும் படிக்க வேண்டும். காட்டைக் காத்தவர்களின் பெயர் எழுதப்பட்டிருப்பது அங்கேதான்.