இதய அறுவையும் வலியை வென்ற வழிகளும்

இதயத்தைத் திறந்து சீர்செய்ய வேண்டுமானால், முதலில் மார்பெலும்பை நடுவே நெடுக அறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் அதைப் பிணைத்துக் கட்டுவார்கள். மயக்கம் தெளிந்தவர் இருமவே அஞ்சுவார். இருமாவிட்டாலோ சளி தேங்கும்; நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கும்; காய்ச்சல் காணும். ஆகவே இங்கு வலியைத் தணிப்பது வெறும் ஆறுதலன்று.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1961-இல் திறந்த இதய அறுவை நடந்தது. இந்தியாவில் இதுவே முதலாவது என்பர். அந்நாளில் வலிக்குப் பெருந்துணை அபினிலிருந்து பிரித்தெடுக்கும் மார்ஃபின். 1969-இல் பாஸ்டன் நகர மருத்துவர் லோவன்ஸ்டைன் குழுவினர், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற பேரளவில் அதைச் செலுத்தியும் நலிந்த இதயங்கள் தாங்கிக்கொண்டதைக் காட்டினர். மூச்சுதான் தளர்ந்தது, செயற்கைச் சுவாசக் கருவி நெடுநேரம் தேவைப்பட்டது. 1960-இல் பெல்ஜியத்தில் பால் யான்சன் ஆக்கிய ஃபென்டனில், மார்ஃபினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வீரியமுடையது. அதற்கும் இக்குறை உண்டு.

நம் நாட்டில் ஒரு விந்தை நிகழ்ந்தது. அரசு உரிமத்துடன் அபின் பயிரிடும் நாடு இது. ஆனால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் வந்தபின், உரிமச் சிக்கல்களுக்கு அஞ்சிப் பல மருத்துவமனைகள் மார்ஃபினையே கைவிட்டன. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோவாக இருந்த பயன்பாடு 1997-இல் 18 கிலோவாகச் சரிந்தது. சட்டம் திருத்தப்பட்டது 2014-இல்தான்! கடத்தலுக்குப் போட்ட வேலி நோயாளியைத்தான் முதலில் மறித்தது என்பேன்.

வலிச் செய்தியை நரம்பிலேயே தடுத்தால் என்ன? நரம்பில் செய்தி ஓடுவது செப்புக் கம்பியில் மின்சாரம் ஓடுவதுபோல் அன்று. சோடியம் அயனிகள் நரம்பிழைக்குள் பாய்வதால், மின்னழுத்த மாற்றம் அலையாக நகர்கிறது. கீழ்புத்துப்பட்டை அடுத்த மரக்காணம் உப்பளங்களில் வாரிக் குவிக்கிறார்களே, அந்த உப்பிலுள்ள அதே சோடியம்தான்! 1957-இல் ஆக்கப்பட்ட புபிவகெய்ன் போன்ற மரப்பு மருந்துகள் சோடியம் நுழையும் வாயிலை அடைத்துவிடுகின்றன. வலி மூளைக்கு எட்டுவதில்லை. மூச்சும் பெரும்பாலும் தளர்வதில்லை.

இம்மருந்தை முதுகுத் தண்டுவட உறைக்கு வெளியே செலுத்துவது பழைய முறை. இதய அறுவையிலோ குருதி உறையாதிருக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். ஊசி பட்ட இடத்தில் குருதி கசிந்து தேங்கினால் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கக்கூடும். இந்த அச்சத்தால் பலர் தயங்கினர். 2016-இல் கனடாவில் ஃபொரேரோ குழுவினர் வேறு வழி கண்டனர். கேளா ஒலியலைக் கருவியின் திரையைப் பார்த்தபடி, முதுகெலும்பை நிமிர்த்தும் தசைக்கு அடியில், தண்டுவடத்திலிருந்து விலகி மருந்தைச் செலுத்துவதே அது. இருபுறமும் இவ்வாறு செலுத்தியதையும் பழைய முறையையும் இதய அறுவையில் ஒப்பிட்ட ஆய்வொன்று 2018-இல் பெங்களூரிலிருந்து வெளியாயிற்று. வலி தணிவது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே எனக் கண்டது.