தாது வருசப் பஞ்சமும் திரேஸ்புரத்துக் கருவாடும்

நோய் எதிர்ப்புச் சக்திக்குப் புரதம் சாப்பிடணும்னு பட்டணத்து நண்பர்கள் பவுடர் டப்பா படமா அனுப்புறாங்க. அனுப்பட்டும். இதே விஷயத்துக்கு 1877-லேயே மதராஸ் மாகாணத்தில் ஒரு பெரிய வழக்காடல் நடந்திருக்கு.

தாது வருசம் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. நிவாரண வேலையில் மண் சுமந்த ஆம்பிளைக்கு, நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசும் மேலே கொஞ்சம் சில்லறையும் போதும்னு சொன்னார் ரிச்சர்ட் டெம்பிள். ஒரு பவுண்டுன்னா 450 கிராம். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் ஒத்துக்கவே இல்லை. ஒன்றரைப் பவுண்டு வேணும், கூடவே பருப்பும் வேணும்னார். சில மாசத்தில் அரசு பாதி இறங்கி வந்து, 570 கிராம் தானியமும் கொஞ்சம் பருப்பும்னு ஆக்கியது.

பருப்புக்கு அவர் மல்லுக்கட்டியது சரிதான். கிருமியோடு சண்டை போடும் எதிர்ப்பொருள்களே புரதம்தான். சாப்பாட்டில் அது வராட்டா உடம்பு தன் தசையையே கரைக்கும். பஞ்சத்தில் பெருங்கூட்டத்தைக் கொண்டுபோனது காலராவும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். கம்பு, சோளத்தில் லைசின் குறைவு. பயறும் மீனும் அதை ஈடுகட்டும். கம்மங்கூழுக்குக் கருவாடு கடிச்சுக்கிட்ட கரிசல்காட்டு ஆட்களுக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது, ருசி தெரியும்.

அந்தக் கருவாடு வந்தது திரேஸ்புரம் மாதிரி கடற்கரையிலிருந்து. நல்லாக் காய்ந்த நெத்திலியில் பாதிக்கு மேலே புரதம். (ரத்தக் கொதிப்பு உள்ளவங்க உப்புக் கருவாட்டில் கையைக் கட்டிக்கணும்.) தூத்துக்குடியைச் சுத்தி எங்கே பார்த்தாலும் உப்பளம். ஆனா வெள்ளைக்காரன் காலத்தில் உப்புக்கு வரி. அந்த விலை கட்டாம, மீனவர்கள் உவர்மண்ணைப் போட்டு மீனைக் காயவைக்கிறாங்க, சரக்கு கெட்டுப்போகுதுன்னு பிரான்சிஸ் டே 1873-லேயே அறிக்கை எழுதினார். அதுக்கப்புறமும் என்ன செஞ்சாங்க தெரியுமா? பஞ்சத்தின் சூடு ஆறும் முன்னே, 1878 வாக்கில், மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவா இருந்த வரியை 2 ரூபாய் 8 அணா ஆக்கினாங்க. ஒரு கையால் பருப்பு, மறு கையால் உப்பைப் பிடுங்கல். இந்தக் கணக்கை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு வயிறு எரியும்.

டே சொன்னதில் ஒண்ணு மட்டும் நடந்தது. 1880-களுக்குள் கடற்கரை ஊர்களில் மீன் உப்பிடும் யார்டுகள் பரவின. அங்கே வரியில்லா உப்பு கிடைக்கும். ஆனா மீனை வேலிக்குள்ளே கொண்டுவந்துதான் உப்பிடணும். அந்த உப்பை வீட்டுக் குழம்புக்குக் கொண்டுபோக முடியாது. வரி ஒழிஞ்சது 1947-ல்.